ஆற்றுக்கு யார் முன்னால் போவது?

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். நாலு பேர் முதுகோடு முதுகு ஒட்டி வட்டமாக நிற்கிறார்கள். நாலு பேரும் ஆற்றுக்குப் போக வேண்டும். யார் முன்னால் போவது?

அவசரமில்லை. இளவேனியின் வீட்டார் இதற்கு விடை தேடிக் காட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் சுற்றியவர்கள்.

இளவேனிக்கு எட்டு வயது. காட்டாற்றில் கால் நனைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. போன வருடமே வந்தார்கள். காட்டின் வாசலில் ‘இங்கே காத்திருக்கவும்’ என்று ஒரு பலகை இருந்தது. காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இந்த முறை அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் விவரமாக வனக்காவலரிடமே கேட்டுக்கொண்டார்கள்.

“ஆறு இதோ, கூப்பிடு தூரம்தான். ஆனா புலி இருக்கிற காடு. என்ன ஆனாலும் புலிக்கு முதுகைக் காட்டாதீங்க. நாலு மணிக்கு விசில் அடிப்பேன், ஜீப்புக்கு வந்துடணும்” என்றார் அவர்.

பத்தடி நடந்ததும் பெரியப்பா நின்றார்.

“டேய், புலி எந்தப் பக்கம் இருக்கு?”

“தெரியலையேண்ணா” என்றார் அப்பா.

“அப்புறம் எந்தத் தைரியத்துல முதுகை அந்தப் பக்கம் வச்சிருக்கே?”

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அப்படித்தான் நால்வரும் வட்டமானார்கள். பெரியப்பா நேராக நடந்தார். சித்தப்பாவும் இளவேனியும் நண்டு மாதிரி நடந்தார்கள். அப்பா பின்புறமாகவே நடந்தார்.

“ஆத்தைப் பார்க்கத்தானே லீவு போட்டேன்? எனக்கு ஜீப்புதான் தெரியுது” என்றார் அப்பா.

நியாயம்தான். பத்தடிக்கு ஒருமுறை வட்டம் சுழல்வது என்று முடிவானது. சுழன்றதில் திசை போயிற்று. இரண்டு முறை ஜீப்பிடமே வந்து சேர்ந்தார்கள். இரண்டு முறையும் சித்தப்பா டிரைவரிடம் ஆறு எந்தப் பக்கம் என்று மரியாதையாகக் கேட்டார்.

மூன்றாம் முறை கரை வந்தது. பெரியப்பா ஷூவோடு தண்ணீரில் நின்றார்.

“ஜில்லுன்னு இருக்குடா!”

“எனக்குப் புதர்தான் தெரியுது, பெரியப்பா” என்றாள் இளவேனி.

“பொறும்மா. இன்னும் ஆறடி போனாத்தான் முறை மாறும்.”

ஆறடி போனால் பெரியப்பாவுக்குக் கழுத்து வரை தண்ணீர் வரும். முறையை மாற்றலாமா, பெரியப்பாவை மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மணி நாலாகப் போனது.

அப்போது அக்கரையில் ஒரு புலி இறங்கித் தண்ணீர் குடித்தது.

“அப்பாடா! அங்கேதான் இருக்கு” என்றார் சித்தப்பா.

வட்டம் கலைந்தது. நால்வரும் புலியைப் பார்த்து ஆற்றுக்குள் வரிசையாக நின்றார்கள். இளவேனியின் இரண்டு காலும் கணுக்கால் வரை நனைந்தன.

புலி குடித்து முடித்து, இவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பி நடந்தது.

“பார்த்தியா, நமக்கு முதுகைக் காட்டிட்டுப் போகுது!” என்றார் பெரியப்பா.

“பாவம், அதுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கண்ணா” என்றார் அப்பா.

விசில் கேட்டது. புலி எங்கே என்று மறுபடியும் தெரியவில்லை. மறுபடியும் வட்டமானார்கள்.

“வயசுல மூத்தவன் நான்.”

“டிரைவருக்கு என்னைத்தான் பழக்கம்.”

“சண்டை வேண்டாம். குழந்தை சொல்லட்டும்” என்றார் அப்பா. “யாரும்மா முன்னால போகலாம்?”

இளவேனி தன் ஈரக்கால்களைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஒவ்வொருவராக மூவரையும் பார்த்தாள்.

புலியைச் சொன்னாள்.