மாடுகள் தேர்ந்தெடுத்த வண்டிப்பேட்டை

முன்னொரு காலத்தில் வேங்கை நாட்டைத் திலகவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஓர் அறிவிப்புச் செய்வார், மாலையில் அதை மறந்துபோவார். நடுவில் நாடு தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் அவருக்குப் புது ஆசை வந்தது. துறைமுகத்து உப்பும் மலைநாட்டு மிளகும் வழியில் ஓரிடத்தில் இறங்கி, வண்டி மாறிப் போக வேண்டும். "நாட்டின் நட்டநடுவில் மாபெரும் வண்டிப்பேட்டை! எந்த ஊர் அதிகம் விட்டுக்கொடுக்கிறதோ அந்த ஊருக்கு!" என்றார்.

அவ்வளவுதான், செம்பியூருக்கும் வாகைக்குளத்துக்கும் போட்டி மூண்டது. செம்பியூர், "ஐந்து வருஷம் சுங்கம் கிடையாது" என்றது. வாகைக்குளம், "பத்து வருஷம்" என்றது. செம்பியூர் கிடங்குகளும் கட்டித் தருவதாகச் சொன்னது. வாகைக்குளத்து அதிகாரி தாண்டவராயர் விடுவாரா? "மகாராஜா, எங்கள் ஏரியையே தூர்த்துத் தருகிறோம். இடம் இலவசம்!"

அந்த ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற பொன்னழகி சபைக்கே வந்துவிட்டாள். "சாமி, ஏரிய மூடிட்டா எங்க வயலுக்குத் தண்ணி ஏது? நாங்க எங்க போறது?"

"பேட்டையில் மூட்டை தூக்கலாமே," என்றார் தாண்டவராயர், வரம் கொடுப்பவர் போல. "மகாராஜா, அது ஏரியே இல்லை. தவளைகூடக் குடியிருக்காத சேற்றுப் பள்ளம்."

அது பள்ளமானது யாரால்? ஏரியைத் தூர்வார அரண்மனை அனுப்பிய ஆட்களையெல்லாம் தன் மாளிகை கட்ட வைத்துக்கொண்டவர் சாட்சாத் இவரேதான்.

அமைச்சர் செங்கமலம் எழுந்தார். "மகாராஜா, இந்த அம்மாள் கேட்பது நியாயம்..."

"உங்களுக்கு முன்னேற்றம் என்றாலே ஆகாது, அமைச்சரே," என்று ராஜா கொட்டாவி விட்டார்.

இந்தச் சபையில் நியாயம் பேசினால் தூக்கம்தான் வரும் என்று செங்கமலத்துக்குப் புரிந்தது. "சரி, முன்னேறுவோம். ஆனால் பேட்டையில் தங்கப்போகிறவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே?"

"யாரை?"

"மாடுகளை."

ராஜாவின் கொட்டாவி பாதியில் நின்றது.

"மழைக்காலம் முடிந்ததும் தாங்களே முதல் வண்டியில் ஏறுங்கள். வண்டிக்காரர் கயிற்றைத் தொடக் கூடாது. சாலை பிரிகிற இடத்தில் மாடுகள் எந்த ஊர்ப் பக்கம் திரும்பி, தாமாக எங்கே நிற்கின்றனவோ, அங்கே பேட்டை. அதுவரை யாரும் எதையும் தூர்க்க வேண்டாம்."

"எந்த ராஜாவும் இப்படிச் செய்ததில்லையே! ஆகட்டும்!"

தாண்டவராயர் இளித்தார். "அமைச்சரம்மாவுக்கு இனி மாடுகள்தான் ஆலோசகர்களோ?"

"இப்போது இருப்பவர்களைவிட மோசமாகிவிடாது, ஐயா."

தாண்டவராயர் ஊருக்கு ஓடினார். வரவேற்பு வளைவு கட்டினார். புண்ணாக்கைக் குவித்தார். மேளக்காரர்களை நிறுத்தினார். பிறகு தன் மாடுகளைப் பகலெல்லாம் நடக்கவிட்டு ஒத்திகை பார்த்தார். அவை புண்ணாக்கை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேளச் சத்தத்தில் மிரண்டு செம்பியூர்ச் சாலையைப் பிடித்தன.

"தாகத்துல இருக்கு, ஐயா. தண்ணி வேணும்," என்றான் வண்டிக்காரன்.

என்ன செய்வார், பாவம்! செம்பியூரிடம் தோற்பதா? மாளிகை வேலையை நிறுத்தி ஆட்களை ஏரிக்குத் துரத்தினார். வண்டல் வாரினார்கள், கரையை உயர்த்தினார்கள், வாய்க்கால்களைத் திறந்தார்கள். பொன்னழகி மண்வெட்டி எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தாள். மழை பெய்தது. ஏரி தளும்பியது.

குறித்த நாளில் ராஜா வண்டியேறினார். சாலை பிரிகிற இடத்தில் ஈரக்காற்று வந்தது. மாடுகள் மூக்கைத் தூக்கின. வாகைக்குளத்துப் பக்கம் ஒரே ஓட்டம்! வளைவைத் தாண்டி, புண்ணாக்கைத் தாண்டி, ராஜாவையும் இழுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கித்தான் நின்றன.

"வென்றோம்!" என்று தாண்டவராயர் குதித்தார். "பாருங்கள் மகாராஜா, கடல் மாதிரி ஏரி! இந்த நாட்டில் வேறெங்காவது உண்டா?"

"இல்லைதான்," என்றார் செங்கமலம். "எப்போது தூர்ப்பதாக உத்தேசம்?"

மேளம் நின்றது. முழங்கால் தண்ணீரில் ராஜா மெல்லத் திரும்பினார். "அந்தச் சேற்றுப் பள்ளம் எங்கே ஐயா?"

"இது... இதுதான் மகாராஜா."

"மாடு தண்ணீருக்கு வந்தது. இதை மூடினால் நாளை என் பேட்டையில் வந்து நிற்கப்போவது யார், நீரா?"

"மாடுகள் சுங்க விலக்கும் கேட்கவில்லை, மகாராஜா," என்றார் அமைச்சர்.

"அதுவும் ரத்து! ஏரியில் ஒரு கூடை மண் விழக் கூடாது. ஆனால் பேட்டை இங்கேதான்." ராஜா சுற்றிலும் பார்த்தார். கரையை ஒட்டி, மேட்டில், நிழலாக ஒரு தென்னந்தோப்பு. "அது யாருடையது?"

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். பொன்னழகிதான் சொன்னாள்: "ஐயாவோடதுங்க, சாமி."

"மகாராஜா, நான் இலவசம் என்று சொன்னது ஊர்ப் பொது இடத்தை..."

"சொந்த இடம் இன்னும் மேல்! எவ்வளவு பெரிய மனசு உமக்கு!" என்று ராஜா அவரை ஈரத்தோடு கட்டிக்கொண்டார். அமைச்சருக்கு முத்துமாலை போட்டார். அப்புறம் இதையெல்லாம் யோசித்தது தானே என்பதுபோல் நெடுநேரம் பேசினார்.

பொன்னழகி நின்று கேட்கவில்லை. ராஜா பேசி முடிக்கும்வரை பயிர் காத்திருக்காது என்று மடையைத் திறக்கப் போய்விட்டாள்.