அமைச்சரின் நனைந்த வேட்டி

“சாமி, நான் மேல போனதுல இந்த ஊருக்குச் சந்தோஷமே இல்லையா?”

கேட்டவர் அறவாழி. முதலில் எம்.எல்.ஏ., பிறகு எம்.பி., இப்போது டெல்லியில் இணையமைச்சர். அடுத்த மாற்றத்தில் கேபினெட் கிடைக்கும் என்று பேச்சு.

ஏகாம்பர சாமிக்கும் அவருக்கும் ஒரே வயது. இருந்தாலும் சாமிதான் குரு. புதுப் பதவி வரும்போதெல்லாம் சிஷ்யருக்குத் திருநீறு ஞாபகம் வந்துவிடும். நடுவில் வராது.

“வழியில ஒருத்தனும் கும்பிடல, சாமி. முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறான். நான் என்ன குறை வெச்சேன்?”

சாமி அவர் காலைப் பார்த்தார்.

“வேட்டி ஏன் நனைஞ்சிருக்கு?”

“வாய்க்கால்ல கல்லு போட்டிருக்காங்க. மூணு கல்லு தாண்டினேன். அதுக்கப்புறம் கல்லே இல்ல. போலீஸ்காரர் கையைப் பிடிச்சும் தண்ணில இறங்கிட்டேன்.”

“கல்லைப் பார்த்தியா?”

“கல்லுல பார்க்க என்ன இருக்கு?”

“போய்ப் பார்த்துட்டு வா.”

அறவாழி போனார்.

மூன்றும் வழவழப்பான கருங்கல். எழுத்து மேலே தெரியும்படி போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால்தான் கால் வழுக்காது.

முதல் கல்லில் அவர் பெயர், சட்டமன்ற உறுப்பினர். இரண்டாவதில் அவர் பெயர், நாடாளுமன்ற உறுப்பினர். மூன்றாவதில் அவர் பெயர், மத்திய இணையமைச்சர்.

மூன்றும் அந்த வாய்க்காலுக்குக் கட்டப்போவதாகச் சொன்ன ஒரே பாலத்தின் அடிக்கல். மூன்று முறையும் பந்தல் போட்டு, மேளம் கொட்டி, அவர் கையாலேயே நாட்டியது. பாலம் மட்டும் வரவில்லை.

திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

“எவன் பிடுங்கிப் போட்டது? என் பேரை மிதிச்சுக்கிட்டுப் போறானுங்க!”

“நீயும்தான் மிதிச்சுட்டு வந்தே.”

“யாரு சாமி செஞ்சது?”

“மாரிக்கண்ணு. ஐப்பசியில அவன் மக பூவிழி பள்ளிக்கூடம் போகையில தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு. காரியம் முடிஞ்ச மறுநாள் கடப்பாரையோட வந்தான். ஊரே சேர்ந்து தூக்கிப் போட்டுச்சு.”

அறவாழி உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு யாருமே சொல்லலையே, சாமி.”

“சொன்னாங்க. உன் பேர் போட்ட மலர்வளையம் வந்துச்சே.”

அறவாழிக்கு அது தெரியாது. யாரோ அனுப்பியிருப்பார்கள். வெட்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கேட்க வந்தது இன்னும் தொண்டையிலேயே நின்றது. அரசியல்வாதிக்கு வெட்கம் ஒரு பக்கம் இருக்கும், கேள்வி ஒரு பக்கம் இருக்கும்.

“அப்போ... எனக்குக் கேபினெட் கிடைக்கக் கூடாதுன்னுதான் இந்த ஊரு நினைக்கும், இல்லையா?”

“யாரு சொன்னா? கிடைக்கணும்னு ஊரே வேண்டிக்கிட்டிருக்கு. மாரிக்கண்ணு தினமும் பிள்ளையாருக்கு விளக்குப் போடுறான்.”

அறவாழி நிமிர்ந்தார். கண் பளிச்சென்றது.

“நிஜமாவா, சாமி? எனக்காகவா?”

சாமி அவர் நெற்றியில் திருநீறு பூசினார்.

“அவனோட சின்னவன் இப்பப் பள்ளிக்கூடம் போறான். வாய்க்கால்ல இன்னும் ஒரு கல்லு குறையுது.”