தெய்வசிகாமணியின் இரண்டு சர்வீஸ்

பொள்ளாச்சி ரோட்டு கிளப்பில் டென்னிஸ் மாதிரியான பேடல் என்ற புது ஆட்டத்துக்குக் கோர்ட் போட்டு இருபது நாள்தான் ஆச்சு. சுற்றிலும் கண்ணாடியும் கம்பிவலையும். அவற்றையும், வாசலில் ஆட்ட விதிகள் எழுதிய போர்டையும் தினமும் துடைப்பது வேலாத்தாளின் வேலை. ஒருநாள் துடைத்து முடித்ததும், யாரோ விட்டுப்போன மட்டையை எடுத்துப் பந்தை இரண்டு தட்டு தட்டினாள். அதைச் செயலாளர் தெய்வசிகாமணி பார்த்துவிட்டார். டென்னிசில் கோப்பை வாங்கினவர். பேடல் மட்டையை இன்னும் தொட்டதே இல்லை.

“துடைக்க வந்தவளுக்கு ஆட்டமா? நாளையிலிருந்து வேலைக்கு வராதே!”

“பந்து பட்டா கண்ணாடி தேஞ்சா போயிரும், சார்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிவந்தது. “வாய் பேசறியா? என்கிட்ட ஒரே ஒரு பாயிண்ட் எடு பார்ப்போம். எடுத்தா வேலை உனக்குத்தான்.”

“வாசல் போர்டுல இருக்கிற விதிப்படிதானுங்க?”

“எந்த விதியா இருந்தா என்ன!”

பக்கத்தில் நின்றவரிடம் ஒரு மட்டையை வாங்கி, பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு ஓங்கி அடித்தார். வேலாத்தாள் அசையவே இல்லை.

“தப்புங்க. சர்வீஸை இடுப்புக்கு மேல அடிக்கக் கூடாது. இன்னொரு வாய்ப்பு இருக்குங்க.”

கடுப்பில் இடுப்புக்குக் கீழேயே அடித்தார், கையிலிருந்து நேராக.

“தரையில ஒரு தட்டு தட்டிட்டு அடிக்கணும், சார். ரெண்டும் தப்பு. பாயிண்ட் எனக்கு.”

எல்லாரும் போர்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியேதான் எழுதியிருந்தது.

“நீ பந்தைத் தொடவே இல்லையே!”

“நீங்க தொட விட்டாத்தானே, சார்!” தன் கையிலிருந்த மட்டையையும் அவரிடம் கொடுத்தாள். “நாளைக்கு ஆறு மணிக்கே வந்துருவேன். முதல்ல போர்டைத்தான் துடைப்பேன். வந்து படிச்சுக்குங்க.”