மந்திரி வீட்டு முறக்கிரீடம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மாந்தோப்புச் சீமையை அதிகோபவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். பெயர்தான் அப்படி. கோபம் வந்த வேகத்தில் சிரிப்பும் வந்துவிடும். எது எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அவனைச் சிரிப்பிலேயே வைத்திருந்தவர் மந்திரி திருமேனியார். அவர் வாயைத் திறந்தால் ராஜாவின் தலைப்பாகை நழுவும், காவலாளி ஈட்டியைக் கீழே போடுவான். அத்தனை விகடத்தையும் அரண்மனையிலேயே கொட்டிவிட்டு, வெறும் வாயோடு வீடு திரும்புவார் மனிதர். வீட்டில் அவர் பேசியது மூன்றே பேச்சு. "வெந்நீர்." "சோறு." "கதவைச் சாத்து." மனைவி வடிவாம்பாளும் மறுபேச்சில்லாமல் செய்துவிட்டுப் போவாள்.

ஒரு நாள் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து ஓய்ந்த நேரம். பொறாமையில் வெந்துகொண்டிருந்த தளவாய் சூரப்பர் எழுந்தார்.

"மகாராஜா, தாங்கள் சிரித்தால் நாங்களும் சிரித்துத்தானே ஆக வேண்டும்? தங்களுக்குப் பயப்படாத ஒருவரை இவர் சிரிக்க வைக்கட்டும், பார்ப்போம்."

"அப்படி யாரய்யா இருக்கிறார்?"

"இவருடைய மனைவிதான்."

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "சபாஷ்! திருமேனி, மூன்றாம் நாள் மத்தியானம் உன் வீட்டுக்கே வருகிறேன். அவள் சிரிக்கவில்லை என்றால் உன் ஆசனம் தளவாய்க்கு!"

"என் வீட்டு அம்மாள்தானே, மகாராஜா? அரை நாழிகை போதும்" என்றார் மந்திரி.

முதல் நாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளை அழைப்பில் யானை தும்மிய கதையைச் சொன்னார். ராஜாவையே தரையில் உருள வைத்த கதை அது. கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வடிவாம்பாள், "ரசத்துக்குப் புளி ஊறப் போடணும்" என்று எழுந்து போனாள்.

இரண்டாம் நாள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று ஒன்பது கதை சொன்னார். திரும்பவே இல்லை. மந்திரிக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "நீ பொம்பளையா, கல்லா?" என்று கத்தினார். அந்த நேரம் பரணிலிருந்து பூனை குதித்ததில் பித்தளை அண்டா உருண்டு, தெருவே அதிரும்படி விழுந்தது. மந்திரி துள்ளிவிட்டார். வடிவாம்பாள் அரைத்துக்கொண்டே இருந்தாள்.

அவருக்குச் சந்தேகம் தட்டியது. அவள் எதிரே போய் உட்கார்ந்து, தன் காதைத் தொட்டுக் காட்டி, என்ன என்பதுபோல் கையை விரித்தார்.

"ரெண்டு வருஷமாச்சுங்க. ஆடி மாசம் காய்ச்சல் வந்துச்சே, அதுல போச்சு."

ஏன் சொல்லவில்லை என்று மறுபடி கையை விரித்தார்.

"நீங்க கேக்கலியே. வெந்நீர், சோறு, கதவு, இதுக்குக் காது எதுக்கு? பொழுதைப் பாத்தாலே தெரியுது."

நாட்டுக்கே சாமர்த்தியம் சொன்ன மந்திரி அன்று சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ராஜாவும் தளவாயும் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே மந்திரி முறத்தைக் கிரீடமாகக் கவிழ்த்து, கிழிந்த பாயை அங்கவஸ்திரமாகப் போர்த்தி, வயிற்றை முன்னே தள்ளி ராஜ நடை நடந்துகொண்டிருந்தார். இரண்டடி நடப்பார், முகத்தைச் சுளிப்பார், காரணமே இல்லாமல் சிரிப்பார். உடனே தளவாயாக மாறி, முதுகை வளைத்துப் பின்னால் ஓடி, பாயின் நுனியால் விசிறுவார். வடிவாம்பாள் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

"நான் இப்படியா நடக்கிறேன்?" என்று உறுமிக்கொண்டே உள்ளே நுழைந்தான் ராஜா.

"ஐயையோ, இல்லவே இல்லை, மகாராஜா!" என்று தளவாய் முதுகை வளைத்து அவன் பின்னால் ஓடினார். அதைப் பார்த்த ராஜாவுக்கே சிரிப்பு பீறிட்டது. "ஜெயித்தாய், திருமேனி! வாயைத் திறக்காமலே ஜெயித்தாயே, எப்படி?"

"அவளுக்குக் காது கேட்காது, மகாராஜா."

"தெருவுக்கே தெரியுமே!" என்று பதற்றத்தில் உளறிவிட்டார் தளவாய்.

ராஜாவின் முகம் மாறியது. "தெரிந்தேதான் பந்தயம் கட்டினீரோ? இந்த முறத்தை எடும். ஒரு மாதம் சபையில் இதுதான் உம் தலைப்பாகை."

"அவருக்காவது தெரிந்திருக்கிறது, மகாராஜா" என்றார் மந்திரி. "ஒரே வீட்டில் இருந்த எனக்குத்தான் தெரியவில்லை."

ராஜா முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். மந்திரி கைகூப்பினார். "மாலை வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் என்னை விட்டுவிடுங்கள். இனி அந்த நேரம் இவளுக்கும் இந்தத் தெருவுக்கும்." ராஜா மறுக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு வடிவாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"ராஜா கூத்து நல்லா இருந்துச்சுங்க. நீங்க கதையும் நல்லாச் சொல்லுவீங்களாமே? முன்னெல்லாம் கிணத்தடியில பேசிக்குவாங்க. எனக்குக் காது கேட்டப்பவே ஒண்ணு சொல்லியிருக்கலாம்ல?"

மந்திரி கிழிந்த பாயை மறுபடி எடுத்துப் போர்த்திக்கொண்டு, யானை தும்மிய கதையை நடித்துக் காட்டத் தொடங்கினார்.