இருவாச்சி கேட்ட கையேடு

மலைக்காட்டில் ஒரு குளம். குளக்கரைப் பாறையின் மேல் காட்டுக்கே பொதுவான ஒரு கணினி இருந்தது. வெயிலில் ஓடும் கணினி. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை அடித்தளமாக வைத்து, கணினியை இயக்க ஓர் இயங்குதளம் செய்து கொடுத்திருந்தவை தூக்கணாங்குருவிகள். 'கூடு' என்று அதற்குப் பெயர். யாரிடமும் ஒரு தானியம்கூட வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்தே வைத்திருந்தன. தங்கமான பறவைகள்!

மகுடன் என்ற, பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையும் அப்படித்தான் சொல்லும். ஆனால் அன்று அதற்கு அதே 'கூடு' பிடிபடவில்லை.

இருவாச்சிக் குடும்பத்தின் வழக்கம் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் குற்றமில்லை, சொல்கிறேன். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். சின்னக் கீறல் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கும். ஆண் பறவை கொண்டுவரும் பழத்தை அதன் வழியாகத்தான் வாங்கிக்கொள்ளும். அந்த வருடம் பெருங்காற்று அடித்து மகுடன் பழம் பறித்துவந்த அத்திமரம் சாய்ந்துவிட்டது. வேறு மரம் தேடித் தேடி இறக்கை ஓய்ந்துபோனது. பொந்துக்குள் மனைவி அலரியும் குஞ்சும் அரை வயிற்றோடு கிடந்தன.

"ஏங்க, கணினியில பழ வரைபடம்னு ஒண்ணு இருக்காமே! எந்த மரத்துல பழம் இருக்குன்னு கிளிகள் அதுல குறிச்சு வைக்குதாம். போய்ப் பாருங்களேன்!" என்றது அலரி.

மகுடன் பறந்துபோய்க் கணினியின் முன் உட்கார்ந்தது. திரை அழகாக ஒளிர்ந்தது. வரைபடத்தைத்தான் காணோம். கையேட்டைத் திறந்தது. முதல் வரியே இப்படி இருந்தது: 'பழ வரைபடத்தை வழக்கம் போல முனையத்தில் நிறுவிக்கொள்ளவும்.'

"முனையம்னா என்ன? வழக்கம் போலன்னா யாரோட வழக்கம்?" என்று மகுடன் வாய்விட்டே கேட்டது.

மேல் கிளையில் இருந்த மலையணில் கலகலவென்று சிரித்தது. 'கூடு' தனக்கு அத்துப்படி என்று அதற்கு ஏகப்பட்ட பெருமை.

"எல்லாம் கையேட்டுல இருக்கு! படிங்க!"

"படிச்சுட்டுத்தானே கேக்கறேன்!"

"அப்ப இன்னொரு தடவை படிங்க!"

மகுடனுக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது என்றால் 'இந்தக் கணினியே வேண்டாம்' என்று போயிருப்பார்கள். மகுடன் போகவில்லை. குஞ்சின் பசிக்கு முன்னால் ரோஷம் எம்மாத்திரம்? நேராக 'கூடு' செய்த குருவிகளில் மூத்ததான நாரனிடம் போனது. நாரன் ஈச்ச மரத்தில் தலைகீழாகத் தொங்கியபடி எதையோ பின்னிக்கொண்டிருந்தது.

"தம்பி, நீங்க செஞ்சிருக்கறது மாதிரி ஒண்ணை என் ஆயுசுல பார்த்ததில்ல. ஆனா எனக்கு உள்ள போகத் தெரியல. கையேட்டைக் கொஞ்சம் விளக்கமா எழுதித் தரக்கூடாதா?"

"இதுக்கு மேல என்னண்ணே எழுதறது? பார்த்தாலே தெரியுமே!"

நாரன் திமிரில் சொல்லவில்லை. பாவம், அது அலகு முளைத்ததிலிருந்து பின்னுகிறது. பின்னத் தெரியாத காலம் ஒன்று தனக்கும் இருந்ததே அதற்கு மறந்துபோயிற்று.

மகுடனுக்கு ஒரு யோசனை வந்தது. வரும் வழியில் கிடைத்த ஒரே ஒரு சின்ன அத்திப்பழம் அதன் தொண்டைக்குள் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுத்துக் கிளையில் வைத்தது.

"சரி தம்பி, ஒரு உதவி. எனக்கு இறக்கை ஓஞ்சு போச்சு. இந்தப் பழத்தை அலரிகிட்ட குடுத்துட்டு வந்துடுங்க. அதோ, அந்தப் பெரிய மரம். வழக்கம் போல குடுத்தா போதும்."

"இது என்ன பெரிய காரியம்!" என்று நாரன் பழத்தைக் கவ்விக்கொண்டு பறந்தது. மகுடனும் பின்னாலேயே போய்ப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது.

நாரன் மரத்தைச் சுற்றியது. வாசலைக் காணோம். தூக்கணாங்குருவிக் கூட்டுக்கு வாசல் கீழே அல்லவா? அதனால் கீழிருந்து மேலாகத் தேடியது. எங்கு பார்த்தாலும் வெறும் மரப்பட்டை. உள்ளேயிருந்து குஞ்சு பசியில் கத்துவது மட்டும் காதில் விழுந்தது. இன்னொரு சுற்று. இன்னும் ஒரு சுற்று. அலகில் பழம் இருக்கிறது, பக்கத்திலேயே பசி கேட்கிறது, கொடுக்கத்தான் வழி தெரியவில்லை. நாரனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே, வாசல் எங்கண்ணே?"

"பார்த்தாலே தெரியுமே தம்பி!" என்றது மகுடன் மெதுவாக.

அதற்குள் உள்ளேயிருந்து அலரி சத்தம் போட்டது. "பாடம் நடத்தினது போதுங்க, குழந்தை கத்துது! தம்பி, மேல வாங்க. பெரிய கிளை பிரியற இடத்துக்குக் கீழ, பட்டையில வெடிப்பு மாதிரி ஒரு கீறல் தெரியும். அதுல நீட்டுங்க!"

நாரன் மேலே போனது. கீறல் தெரிந்தது. நீட்டியது. பழம் உள்ளே போனதும் குஞ்சின் கத்தல் நின்றது.

நாரன் மகுடன் இருந்த கிளைக்கு வந்து உட்கார்ந்தது. பிறகு, "வெளியில நிக்கறது இப்படித்தான் இருக்குமாண்ணே?" என்று கேட்டது.

"இப்படித்தான் தம்பி."

"வாங்க, கணினிக்குப் போகலாம். நீங்க செய்யுங்க. நான் வாயைத் திறக்காம பார்க்கறேன்."

இதுதான் நாரனின் பெருந்தன்மை. 'நகருங்க, நானே செஞ்சு தரேன்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் பசி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். நாரன் திரையின் ஓரத்தில் உட்கார்ந்து மகுடனை மட்டுமே பார்த்தது. மகுடன் எங்கே தயங்கியதோ, அங்கே ஒரு வரி எழுதிக் காட்டியது. வரி புரியாமல் மகுடன் விழித்தால், அதை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதியது. முனையம் என்பது கட்டளைகளைத் தட்டும் கறுப்புப் பெட்டி என்று எழுதியது. அதை எங்கே அழுத்தித் திறப்பது என்று படமும் போட்டது.

"இதையெல்லாமா எழுதுவாங்க? சிரிப்பா இருக்கு!" என்றது மலையணில்.

"சிரிங்க. நான் எழுதறேன்!" என்றது நாரன்.

கடைசியில் வரைபடம் திறந்தது! அருவிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆலமரத்தைக் கிளிகள் சிவப்பாகக் குறித்து வைத்திருந்தன. கிளையெல்லாம் பழம். மகுடன் வேறெதையும் பார்க்கவில்லை. பறந்தது.

குஞ்சு கொழுகொழுவென்று வளர்ந்து அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, புதுக் கையேடும் தயாராகியிருந்தது. 'முதல் தடவையா வரீங்களா? கவலைப்படாதீங்க, இங்கிருந்து தொடங்குங்க' என்று ஆரம்பித்தது அது. உடும்பு படித்தது, முள்ளம்பன்றி படித்தது, காட்டெருமைகூடக் கொம்பை ஒதுக்கிக்கொண்டு படித்தது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மலையணிலும் வந்து படித்துவிட்டுப் போனது! அதற்கும் பாதிதான் தெரியுமாம்.

மகுடனும் சும்மா இருக்கவில்லை. கையேட்டின் கடைசியில் தானே ஒரு வரி சேர்த்தது: 'பெரிய அலகு உள்ளவர்கள் நுனியால் மட்டும் தட்டவும், இல்லையென்றால் இரண்டு எழுத்து சேர்ந்து விழும்.' நாரன் அதைப் படித்துவிட்டுத் தலைகீழாகத் தொங்கியபடியே இறக்கையைத் தட்டியது.

தெரியாது என்று கூசாமல் கேட்பவரும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எழுதித் தருபவரும் சேர்ந்தால்தான் எல்லோருக்கும் என்று செய்தது உண்மையிலேயே எல்லோருக்கும் உதவும்.