கரிச்சான் போட்ட கூச்சல்

முன்னொரு காலத்தில், காடும் மலையுமாகக் கிடந்த கூவல்நாட்டை எரிமாறன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், கோபம் மட்டும் மூக்குக்கு மேலே.

ஒருநாள் அவன் எண்ணெய்க் குளியலில் இருந்தபோது குன்றின்மேல் ஆபத்து முரசு அதிர்ந்தது. எதிரிதான் என்று சீயக்காய்த் தலையும் கோவணமுமாக, வாளை உருவிக்கொண்டு கோட்டை வாசலுக்கே ஓடினான். வந்தது மாட்டு மந்தை! புழுதியைக் குதிரைப்படை என்று நினைத்து அடித்துவிட்டான் காவல்காரன் மாசாணம். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"பொய் முரசடிச்ச கையை வெட்டணும் மகாராஜா!" என்றார் தளவாய் வீரகண்டர். குன்றுக் காவலைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர அவருக்கு நெடுநாள் ஆசை. விடிந்தால் வெட்டு என்றாகிவிட்டது.

மாசாணத்தின் மனைவி பேச்சாயி கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு சபைக்கு வந்தாள்.

"வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாழிகை காட்டுக்கு வாங்க மகாராஜா. ஒரு வேடிக்கை காட்டுறேன்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். தளவாயும் கூடவே போனார்.

சுள்ளி பொறுக்கப் போகையில் அவள் தினமும் பார்க்கும் பறவைக் கூட்டம் அங்கே இருந்தது. தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறின. மரங்கொத்தி பட்டையைத் தட்டியது. பட்டாணிக்குருவிகள் கிளைநுனியில் தொங்கின. வேறுவேறு இனம், ஆனாலும் சேர்ந்தே மரம்விட்டு மரம் நகர்ந்தன. உச்சிக்கிளையில் காவல் இருந்தது ஒரு கரிச்சான், இரட்டைவால் கறுப்புக் குருவி.

திடீரென்று கரிச்சான் கூச்சல் போட்டது. அத்தனையும் புதருக்குள் பாய்ந்தன. வானத்தில் ஒன்றுமில்லை. கரிச்சான் இறங்கி, தவிட்டுக்குருவி போட்டுவிட்டு ஓடிய புழுவைக் கவ்விக்கொண்டு மேலேறியது.

"திருட்டுப் பயல்! இவனை நம்பியா கூடவே அலையுதுங்க?" என்றான் ராஜா.

"இன்னும் கொஞ்சம் பாருங்க மகாராஜா."

மறுபடி கூச்சல், மறுபடி பாய்ச்சல். இந்தத் தடவை வல்லூறு ஒன்று சர்ரென்று இறங்கி, வெறுங்காலோடு திரும்பிப் போனது.

"பொய்யா நிஜமான்னு யோசிச்சு ஒரு குருவி நின்னிருந்தா?" என்றாள்.

"குருவிக்கு ஏது புத்தி? மனுஷன் தீர விசாரிச்சுட்டுத்தான் அசையணும்," என்றார் தளவாய்.

"ஐயா, காலடியில பாம்பு!"

ஒரே தாவல். பேச்சாயி இடுப்பில் குழந்தை இருந்தது போலவே ராஜாவின் இடுப்பில் தளவாய். கீழே கிடந்தது சுள்ளி.

"தீர விசாரிக்கலியே ஐயா?"

ராஜா குலுங்கிச் சிரித்ததில் தளவாய் நழுவி விழுந்தார்.

"தப்பா அடிச்சா உங்க குளியல் கெட்டுது, அவ்வளவுதான். இன்னிக்கு இந்தக் கையை வெட்டினா, நாளைக்கு நிஜமாவே படை வரும்போது அடிக்க எவனுக்கும் கை வராது மகாராஜா."

ராஜா தன் கைக்காப்பைக் கழற்றிக் குழந்தையிடம் கொடுத்தான்; அது வாயில் வைத்துக் கடித்தது. மாசாணத்தைக் குன்றுக்கே திருப்பி அனுப்பியவன், "தளவாயாரே, ஒரு மாசம் நீரும் அங்கே உட்காரும். எது மாடு, எது குதிரைன்னு தீர விசாரிச்சுச் சொல்லும்," என்றான்.

மூன்றாம் நாளே முரசு அதிர்ந்தது. ராஜா மறுபடி சீயக்காய்த் தலையோடு ஓடிவந்தான். வந்தது ஆட்டு மந்தை.

"எவன்டா அடிச்சது?"

உச்சியில் நின்ற மாசாணம் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் காட்டினான். முரசுக்கோல் தளவாயிடம் இருந்தது.

கீழே குடிசை வாசலில் நின்ற பேச்சாயி அந்த இரண்டு கையையும் பார்த்தாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை அப்போதுதான் முழுசாக விட்டாள்.