பழியைக் கேட்ட இருவர்

பரிசுக்காக அடித்துக்கொண்டவர்களின் கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது பழிக்காக அடித்துக்கொண்ட இருவரின் கதை. கவனமாகக் கேளுங்கள். விடை கதைக்குள்ளேதான் கிடக்கிறது.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த வடிவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க் கட்டி. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நாள் கரண்ட் வைக்கச் சொன்னார்கள். கதிர்வீச்சுக்கு அந்த வார்டில் அதுதான் பேர். முதல் நாளே டாக்டரம்மா படத்தைக் காட்டினார். எலுமிச்சங்காய் அளவுக் கட்டி. ஓரமெல்லாம் வெளுப்பு, நடுவில் கறுப்பு.

"ஓரத்துக்கு ரத்தம் நல்லாப் போகுது. நடுவுக்குப் போய்ச் சேரவே இல்ல," என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு கதிர் விழவேண்டிய இடத்துக்கு அடையாளமாக வடிவின் இடுப்பைச் சுற்றி மையால் கோடு போட்டார்கள். அது அழியக் கூடாது.

பாதி சிகிச்சையில் ஊர்க் கோவிலில் அம்மன் கொடைத் திருவிழா வந்தது. புருசன் பெண்டாட்டி சேர்ந்து பொங்கல் வைத்தால்தான் ஆயிற்று என்று கணவர் தங்கமாரி அவளைக் கூட்டிப் போய்விட்டார். நான்கு நாள் கரண்ட் விட்டுப்போனது. அதில் ஒரு நாள் வெள்ளிக்கிழமை. உடம்புச் சூடு தணியட்டும் என்று அக்கா பேச்சியம்மாள், தங்கைக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தலைமுழுக வைத்தாள். கோடு போன இடம் தெரியவில்லை. திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரியில் வசவு வாங்கிக்கொண்டு புதுக்கோடு போட்டு, விட்ட நாட்களையும் சேர்த்து முடித்தார்கள்.

கடைசியில் ஒரு புதன்கிழமை மறுபடி படம் எடுத்தார்கள். சுற்றோரம் முழுக்கக் கரைந்திருந்தது. நட்டநடுவில் மட்டும் பட்டாணி அளவு நின்றது. திங்கட்கிழமை ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா.

யாருக்கும் அழுகை வரவில்லை. வாங்கி வந்த டீ மூன்றும் கட்டிலுக்கடியில் ஆறி ஆடை கட்டின. தங்கமாரிதான் முதலில் பேசினார்.

"நாந்தான் மதினி காரணம். நாலு நாளு விட்டா அது வளராதா?"

"நீங்க எங்க? கோட்ட அழிச்சவ நானு. புதுக்கோடு தள்ளிப் போயிருக்கும்."

அன்று தொடங்கியது, ஞாயிறு வரை ஓயவில்லை. இருவரும் சோற்றைத் தொடவில்லை. பழியை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

கூட்டிப் போன கணவனா, குளிப்பாட்டிய அக்காவா? அந்தப் பட்டாணி யார் செய்த பிழை?

விடை இதுதான்: இருவரும் செய்தது தப்பு, ஆனால் பட்டாணி இருவராலும் நின்றதல்ல. விட்ட நாட்களில் வளர்ந்திருந்தால், ரத்தம் பாயும் ஓரம்தான் முதலில் தழைத்திருக்கும். கோடு தள்ளிப் போயிருந்தால் ஒரு பக்க ஓரம் தப்பியிருக்கும். நின்றதோ நடு. கதிர் போட்ட காயம் ஆறாமல் நிலைக்கப் பிராணவாயு வேண்டும். அதைக் கொண்டுபோவது ரத்தம். ரத்தம் எட்டாத நடுவில் மூச்சுமுட்டிக் கிடந்த புற்று உயிரணுக்கள், தம் காயத்தைத் தாமே சரிசெய்துகொண்டு பிழைத்தன. கொடைக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் முன்பே, முதல் நாள் படத்திலேயே அவை அங்கே இருந்தன. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை இதை விளக்கிச் சொன்னார். இருவருக்கும் அது போதவில்லை, மறுபடி தொடங்கினார்கள். வடிவு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அந்த ஐந்து நாளில் அவள் பேசியதே அப்போதுதான்.

"நாளைக்கு என்னைய அறுக்கப் போறாங்க. எனக்குப் பயமா இருக்குக்கா. ரெண்டு பேரும் அந்தச் சண்டைய விட்டுட்டு எம்பக்கத்துல வந்து உக்காருங்க."